தூளியும் தன்பாத் ரயிலும்

(சேலத்தில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'பிள்ளை பெறுவதா, வெளியாட்களை வரவழைப்பதா' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்குப் பொருத்தமான தலைப்பு. ஆனால் இது எனக்கு வாதாடிவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. 1986 முதல் 2019 வரை 33 வருடம் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஓமலூர் பக்கம் கொஞ்ச காலம், ஆத்தூர் பக்கம் கொஞ்ச காலம், நடுவில் ஆறு வருடம் ஏற்காடு மலை. தமிழ்நாட்டில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள் என்று இன்றைக்குப் பேசுகிறோமே, அதில் என் கைக்கும் பங்கு இருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் மாதம் தவறாமல் கூட்டம் நடக்கும். போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இந்த மாசம் எத்தனை கேஸ்?" கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்து வருகிற பெண். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று நீளமான ஒரு நோட்டு எங்களிடம் இருக்கும். எந்த வீட்டில் யார், கல்யாணமாகி எத்தனை வருடம், பிள்ளைகள் எத்தனை, எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பிள்ளை ஆன வீட்டுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பேன். அந்த வீட்டுக்கு மூன்று நடை, நான்கு நடை போவேன். மாமியார் திட்டுவார். புருஷன் வெளியே வந்து நிற்பார். அந்தப் பெண் மட்டும் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நர்சம்மா, வலிக்குமா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டுவிட்டால் அடுத்த மாதம் வந்துவிடுவாள்.

டார்கெட் கொடுக்கிற முறையை 1996 ஏப்ரலில் மத்திய அரசு எடுத்துவிட்டது. அது எடுக்கப்பட்டதில் எனக்கு நிம்மதிதான். புள்ளிக்காக நான் அவசரப்படுத்திய பெண்கள் இருக்கிறார்கள். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பிள்ளைகள் குறைந்ததற்கு எங்கள் நோட்டு மட்டும் காரணமில்லை. பிறந்த பிள்ளை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை தடுப்பூசியால் வந்தது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், சத்துணவு வந்தது, மலைக்குக்கூட பஸ் வந்தது. கல்யாண வயது தள்ளிப்போனது. இதற்கெல்லாம் முன்னாலேயே, மற்றவர்கள் நாட்டின் வறுமையைக் காட்டிக் கருத்தடை பேசிக்கொண்டிருந்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகக் கருத்தடை வேண்டும் என்று பேசியவர் பெரியார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், இதே சேலத்தில். எத்தனை பிள்ளை என்பது பெண்ணைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது என்ற பேச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 2.1 பிள்ளை பெற்றால் மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 1.8. பிறப்பு இறப்பை வைத்துப் பதிவாளர் அலுவலகம் எடுக்கிற மாதிரிக் கணக்கில் 2020-லேயே 1.4. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் 2.1-க்குக் கீழே இறங்கிப் பல வருடமாகிவிட்டது. இன்னொரு பக்கம், 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-இல் நூற்றுக்கு 13.6 பேர் என்றும், 2031-இல் 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்தபடியாக நாம்தான். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில், கிராமங்களில் தாய்சேய் அட்டையோடு வருகிறவர்களைவிட சுகர் மாத்திரைக்கு வருகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள். அறிக்கை பார்த்து நான் தெரிந்துகொண்டதில்லை, வாசலில் நின்ற வரிசையே சொன்னது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நியாயமான ஆதங்கம் இருக்கிறது. மக்களவை இடங்களை மாநிலங்களுக்கு மக்கள்தொகையை வைத்துத்தான் பிரிப்பார்கள். 1962-இல் நமக்கு மக்களவையில் 41 இடம், 1967-இல் 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதனாலேயே இடங்களை இழக்கக்கூடாது என்றுதான் 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு இடங்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2001-இல் இன்னொரு திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 2024 அக்டோபரில், அன்றைய ஆந்திர முதல்வரும் தமிழக முதல்வரும் ஒரே சமயத்தில் அதிகப் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். மத்திய அரசு சொன்னதை நாம் செய்தோம், செய்ததற்குத் தண்டனையா என்று கேட்பது சரியான கேள்வி. டெல்லியில் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதிலை நம் வீட்டு மருமகள் வயிற்றில் தேடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஏன் முடியாது என்றால், இது சேலம்.

இளையவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்காது. வேண்டாம் என்கிற பிள்ளையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏன் இங்கே? பெண்ணாகப் பிறந்ததைப் பிறந்த சில நாளிலேயே இல்லாமல் செய்கிற கொடுமை இங்கே நடந்தது. 2001 கணக்கெடுப்பில்கூட சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான். முதல் பிள்ளை பெண் என்றால், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பத்து நாள் அந்த வீட்டுக்குத் தினமும் போவேன். எடை போடுகிற சாக்கில்தான் போவது. பிள்ளையைத் துணித் தராசில் வைத்து முள்ளைப் பார்ப்பேன். தாய் என் முகத்தைப் பார்ப்பாள். நான் வருகிறேன் என்று வீட்டுக்குத் தெரிந்தால் போதும், அதுதான் காவல். ஒரு வீட்டில் நாலாம் நாள் போனேன். தூளி அவிழ்த்து மடித்து வைத்திருந்தது. வயிற்றுப்போக்கு என்றார்கள். அந்தப் புடவையின் கரை பச்சை நிறம். அதற்கு மேல் சொல்ல எனக்கு முடியவில்லை.

குடும்பத்துக்கு எண்ணிக்கை வேண்டும், ஊருக்கு எண்ணிக்கை வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு கணக்கு வந்து பெண்ணின் உடம்பில் இறங்கும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். குறை என்றார்கள், அவள் குறைத்தாள். ஆண் வேண்டும் என்றார்கள், அழுதுகொண்டே கொடுத்தாள். இன்றைக்குக் கூட்டு என்கிறார்கள்.

கட்டாயமாகக் கூட்டிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ருமேனியா, 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. அடுத்த வருடமே பிறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒரு பெண்ணுக்கு 1.9 என்று இருந்தது 3.7-ஐத் தொட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. மிச்சமாக நின்றது, திருட்டுத்தனமாகச் செய்த கருக்கலைப்பில் செத்த பெண்களும், அரசு விடுதிகளில் கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளும்தான். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புது அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

பணம் கொடுத்துப் பார்த்த நாடுகளும் இருக்கின்றன. நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு வருமான வரியே கிடையாது என்று ஹங்கேரி 2020 முதல் சொன்னது. 2011-இல் 1.2 என்று இருந்த விகிதம் 2021-இல் 1.6 வரை ஏறியது, பிறகு திரும்பவும் இறங்கி 2024-இல் 1.4-க்கு வந்துவிட்டது. தென்கொரியா 2006 முதல் திட்டம் மேல் திட்டமாகப் பணத்தைக் கொட்டியும் 2023-இல் 0.72. சிங்கப்பூர் 1970-களில் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்றது. 1987-இல் அதே அரசு 'வசதி இருந்தால் மூன்று பெறுங்கள்' என்றது. நிறுத்தச் சொன்னதைக் கேட்ட ஜனங்கள் பெறச் சொன்னதைக் கேட்கவில்லை. கதவைச் சாத்துவது சுலபம், திறப்பது கஷ்டம்.

சரி, பிறப்பு கூடவே கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், இன்றைக்குப் பிறக்கிற பிள்ளை வேலைக்கு வர இருபது வருடமாகும். அதுவரைக்கும் பால், தடுப்பூசி, பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாம் செலவுதான். அந்த இருபது வருடமும் வீட்டில் முதியவர்களும் இருப்பார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள், நடுவில் சம்பாதிக்கிற தலைமுறை இரண்டு பக்கமும் சுமக்கும். அதில் பாதிப் பேர், அதாவது பெண்கள், பிள்ளைக்காக வேலையை விடவும் வேண்டியிருக்கும். இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டுப் பெண்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். சேலம் ஜங்ஷனில் ஜார்க்கண்டிலிருந்து வருகிற தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுப்பெட்டியின் கதவில் கால் வைக்க இடம் இருக்காது. இறங்குகிற பையன்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு பை, ஒரு போன், இரண்டு நாள் பயணத்தின் புழுதி. வெளியே மேஸ்திரி டெம்போவோடு நிற்பார். அங்கிருந்து தறிப்பட்டறை, ஸ்பின்னிங் மில், ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ ஆலை, கட்டட வேலை, ஓட்டல் என்று பிரிந்து போய்விடுவார்கள்.

அந்தப் பையனை வளர்த்த செலவு யாருடையது? ஜார்க்கண்டிலோ பீகாரிலோ ஒரு தாய் பெற்று, ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளர் ஒருவர் தடுப்பூசி போட வைத்து, ஒரு பள்ளிக்கூடம் எழுத்து சொல்லிக்கொடுத்து, உழைக்கிற வயது வந்ததும் நம் ஊரில் வந்து இறங்குகிறான். ஒரு பைசா செலவில்லாமல் வளர்ந்த ஆள் நமக்குக் கிடைக்கிறான். வயதானதும் ஊருக்கே திரும்பிப் போய்விடுவான், அந்தச் செலவும் அங்கேதான். பொருளாதாரக் கணக்கு மட்டும் பார்த்தால் நமக்கு இதைவிட லாபம் கிடையாது. அதனாலேயே எனக்கு இது உறுத்துகிறது.

உள்ளூர்த் தொழிலாளிக்கு இதில் கோபம் இருக்கிறது. ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "அக்கா, நான் எட்டு மணி நேரம்னு சொன்னா, அந்தப் பையன் பன்னெண்டு மணி நேரம் நிக்கறான். அங்கயே படுத்துக்கறான். என்னை எதுக்கு வெச்சுக்குவாங்க?" இந்தக் கேள்வியை இனவெறி என்று தள்ளிவிடக் கூடாது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு சீசனில் அவருக்கு முன்பு கிடைத்த ஓவர்டைம் இப்போது இல்லை, அது உண்மை. ஆனால் அந்தப் பையன் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது அவன் ஆசைப்பட்டா? அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான், மேஸ்திரியை விட்டால் படுக்க இடம் இல்லை, புகார் சொல்ல மொழி இல்லை. அவனுக்கும் எட்டு மணி நேரம், அவனுக்கும் அதே கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. என்று ஆக்கினால் இவருடைய வேலையும் நிற்கும். வெளிமாநிலத் தொழிலாளருக்கு 1979-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டு என்ன, பதிவேட்டில் அவன் பேர் ஏறினால்தானே?

இதே கதையை நாம் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன ஜனங்கள்தான் இலங்கையின் தேயிலை மலையை உண்டாக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அங்கே பாடுபட்டார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து, நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்றது. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஆளை எண்ணிப் பிரித்தார்கள், பாகப்பிரிவினையில் பாத்திரம் பிரிக்கிற மாதிரி. உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்றால் எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்காடு மலைக்குப் போனாலும் இதுதான். காக்பர்ன் துரை கலெக்டராக இருந்த 1820-களில் காப்பி வந்தது, அதற்கு ஆட்கள் வந்தார்கள். அதற்கும் முன்னால் சேர்வராயனைக் கும்பிடுகிற, மலையாளி என்று பெயர் கொண்ட நம் மலைப் பழங்குடி மக்களே, 'நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க, அண்ணன் தம்பி மூணு பேரு மூணு மலைக்குப் பிரிஞ்சு போனோம்' என்றுதான் தங்கள் கதையைச் சொல்வார்கள். நாகலூரில் ஒரு பாட்டி எனக்கு இதை ராத்திரி முழுக்கச் சொன்னார், பிரசவம் பார்க்கப் போய் மழையில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு. இன்றைக்கு அதே மலை ஊர்களிலிருந்து இளைஞர்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போகிறார்கள். கீழே நகரத்தில் பட்டு நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பங்களையும் கன்னடம் பேசுகிற தேவாங்கர்களையும் யாராவது வெளியாள் என்று சொல்வோமா? அவர்கள் நெய்யாவிட்டால் சேலம் பட்டு என்ற பேர் ஏது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்பாத் ரயில் என்றைக்கும் இப்படி நிரம்பி வரும் என்று நினைக்காதீர்கள். அதே 2019-21 கணக்கெடுப்பில் ஒடிசா நம்மைப் போலவே 1.8. மேற்கு வங்கம் 1.6, நமக்கும் கீழே. ஜார்க்கண்ட் 2.3. பீகார்கூட 2005-இல் 4 என்று இருந்தது 3-க்கு இறங்கிவிட்டது. அங்கே இருக்கிற நர்சம்மாக்களும் எங்களை மாதிரியே நோட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வயதாவதை வெளியாட்களை வைத்தே ஈடுகட்ட முடியுமா என்று ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 2000-இல் கணக்குப் போட்டது. தென்கொரியாவில் உழைப்பவருக்கும் முதியவருக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்க 2050-க்குள் ஐந்நூறு கோடிக்கு மேல் ஆட்கள் வர வேண்டும் என்று விடை வந்தது. நடக்கிற காரியமா? வருகிறவர்களுக்கும் வயதாகும். அதோடு, ஆள் வந்தால் வீடும் வேண்டும். வருடத்துக்கு ஐந்து லட்சம் பேரை எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிய கனடா, வீட்டு வாடகை ஜனங்கள் கழுத்தை நெரித்ததும் 2024-இல் அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது.

ஆக, பிள்ளையைக் கூட்டியும் ஆகாது, ஆளைக் கொண்டுவந்தும் ஆகாது. அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நான் கண்ட இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருத்தி உள்ளூர்ப் பெண், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். முதல் பிரசவத்தை நான்தான் பார்த்தேன். போன வருடம் சந்தையில் பார்த்தேன், மகளுக்கு ஐந்து வயது. எல்லோரும் கேட்கிற கேள்வியை நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "ஆசைதான் நர்சம்மா, அவளுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும்னு. ஆனா யாருகிட்ட விட்டுட்டுப் போறது? அங்கன்வாடி சாயங்காலம் நாலு மணிக்குள்ள மூடிருவாங்க, எனக்கு கம்பெனி பஸ் ஆறரைக்குத்தான். ரெண்டு வயசுக்குக் கீழன்னா அங்கயும் சேர்க்க மாட்டாங்க. மாமியாருக்கு முட்டிவலி." விலைவாசி என்று அவள் சொல்லவில்லை, சீர்செனத்தி என்று சொல்லவில்லை. நாலு மணியிலிருந்து ஆறரை மணிவரைதான் அவளுடைய இரண்டாவது பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிறது.

இன்னொருத்தி ஜார்க்கண்ட் பெண். சேகோ ஆலைக்கு ஒரு மருத்துவ முகாமுக்காகப் போயிருந்தேன். களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்கிறது, கண் கூசுகிறது. இரும்புத் தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே புடவையில் தூளி. உள்ளே எட்டு மாதப் பிள்ளை. அவள் பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளிக்கொண்டே, திரும்புகிறபோதெல்லாம் காலால் ஒரு எத்து எத்திவிட்டுப் போவாள், தூளி ஆடும். என்னிடம் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய மூத்த பெண், ஆறு ஏழு வயதிருக்கும், சொன்னது: "எங்கம்மாவுக்கு வவுத்த வலிக்குதாம். நாலு நாளா சாப்புடலயாம்." எந்த ஊர்க் குழந்தை இது? ஓமலூர்க் குழந்தையும் ஆத்தூர்க் குழந்தையும் இப்படித்தான் பேசும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் போவதில்லை.

பிறப்பு விகிதத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். இங்கே ஏற்கெனவே பிறந்து, நம் தமிழையே பேசிக்கொண்டு, களத்து ஓரத்தில் ஒரு பிள்ளை நிற்கிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்போம்?

இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான், பிள்ளைகள் காப்பகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வாரம் விடுப்பும் அதே திருத்தத்தில் வந்ததுதான். விடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், காப்பகத்தைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். நாற்பது பேர், முப்பது பேர் வேலை பார்க்கிற பட்டறைகள்தான் நம் ஊரில் அதிகம். பத்துப் பட்டறை சேர்ந்து ஒன்று நடத்தலாம். மாநகராட்சியோ பஞ்சாயத்தோ இடம் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூட வேண்டும். ஆறு மாதப் பிள்ளையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆதாரில் எந்த மாநிலம் என்று பார்க்கக் கூடாது. பயிற்சி எடுத்த ஆயாக்களுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும், அதுவும் பெண்களுக்கு வேலைதானே.

இது வந்தால் பிறப்பு 2.1 ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆகாது. இன்னொன்று வேண்டும் என்று நினைக்கிறவள் பெற்றுக்கொள்வாள், வேண்டாம் என்கிறவள் நிம்மதியாக வேலைக்குப் போவாள். அந்த ஏழு வயதுப் பெண் பள்ளிக்கூடம் போகும். பதினைந்து வருடம் கழித்து நமக்கு ஊசி போடுகிற நர்ஸாக அது வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

முகாம் நடந்த ஆலையின் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "கணக்குப் பாத்துட்டுச் சொல்றம்மா" என்றார். மூன்று மாதமாகிறது. அடுத்த வாரம் மறுபடி போகிறேன். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள். அந்த மூலையில் ஒரு தம்பி கையைத் தூக்கி ரொம்ப நேரமாகிறது. நீங்கள் கேளுங்கள் தம்பி.